பச்சை நிற கோல்ட் சூப் (ஜில்லுனு குடிக்கிற சூப்): அப்படியே அரைக்கிறதா, வேகவச்சு ஆறவைக்கிறதா?

குழந்தைக்கு ட்ரை பண்றவங்க கீரைய தேடுறதே ஃபோலேட்டுக்காகத்தான் (கரு வளர்ச்சிக்கு வேண்டிய ஒரு பி வைட்டமின்), அது சூட்டுல கொஞ்சம் அழியும் தண்ணியிலயும் கரைஞ்சுடும், அதனால பசலைக்கீரை வெள்ளரி அவகாடோ எல்லாம் பச்சையா மிக்ஸில அடிச்சா ஃபோலேட் அதிகம் மிஞ்சும். ஆனா சரியா கழுவலைன்னா கிருமி ரிஸ்க் இருக்கு, ஏற்கனவே கரு தங்கியிருந்தா அது லேசுப்பட்ட விஷயம் இல்ல.

என் ஓட்டு வேகவச்சதுக்குத்தான். பட்டாணியும் கீரையும் கொஞ்சமா தண்ணி விட்டு ரெண்டு மூணு நிமிஷம், அந்த தண்ணிய கொட்டாம அதுலயே அரைச்சா கரைஞ்ச ஃபோலேட் சூப்லயே இருக்கும். 2 மணி நேரத்துக்குள்ள ஃப்ரிட்ஜ்ல வச்சுடுங்க.

எதுவானாலும் எலுமிச்சை பிழிங்க, கீரையோட இரும்புச்சத்து நல்லா உடம்புல சேரும். தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட் (மாத்திரையில வர்ற ஃபோலேட்) மாத்திரைய மட்டும் சூப்ப நம்பி நிறுத்திடாதீங்க.