பத்து வாரங்களில் கடைசி நான்கு வாரங்களே முக்கியம்: யேல் பல்கலைக்கழகத்தின் ‘தி சயின்ஸ் ஆஃப் வெல்-பீயிங்’ பாடநெறி

கோர்செரா தளத்தில் 2018 முதல் கிடைத்துவரும் ‘தி சயின்ஸ் ஆஃப் வெல்-பீயிங்’ என்னும் இணையப் பாடநெறி, மகிழ்ச்சியைப் பற்றிச் சில செய்திகளைத் தெரிந்துகொள்ள விரும்புபவர்களைவிட, தங்கள் அன்றாடப் பழக்கங்களில் ஒன்றையாவது உண்மையில் மாற்றிப் பார்க்க ஆயத்தமாக இருப்பவர்களுக்கே ஏற்றது. காணொளிகளை மட்டும் பார்த்து முடிப்பவர் நல்ல சொற்பொழிவுகளைக் கேட்ட நிறைவோடு எழுந்துவிடுவார். அவருடைய நாட்கள் முன்பு போலவே தொடரும்.

இதை நடத்துபவர் யேல் பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர் லாரி சாண்டோஸ். யேலுக்குள்ளேயே மாணவர் விடுதியோடு இணைந்த சில்லிமன் கல்லூரியின் தலைவராகப் பொறுப்பேற்று மாணவர்களுக்கு நடுவிலேயே வாழத் தொடங்கிய பிறகு, அவர்கள் எவ்வளவு மன அழுத்தத்தில் இருக்கிறார்கள் என்பதை நேரில் கண்ட அவர், 2018 தொடக்கத்தில் நல்வாழ்வைப் பற்றிய ஒரு வகுப்பை அங்கே நடத்தினார். சுமார் 1,200 பேர், அதாவது இளநிலை மாணவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர், அதில் சேர்ந்தனர். 1701இல் நிறுவப்பட்ட அந்தப் பல்கலைக்கழகத்தில் அதுவரை வேறெந்த வகுப்பிலும் அத்தனை பேர் சேர்ந்ததில்லை. அந்த வகுப்பின் இணைய வடிவமே இந்தப் பாடநெறி. பெரிய அரங்கில் அல்லாமல் வீட்டுக் கூடத்தில் சில மாணவர்களை அமர வைத்துப் பேசுவதுபோல் பாடங்கள் பதிவு செய்யப்பட்டிருப்பதால், ஆங்கிலம் ஓரளவு புரிபவர்களும் சோர்வில்லாமல் பின்தொடரலாம்.

முதல் பாதி முழுவதும் நம் எதிர்பார்ப்புகள் எங்கே பிழைபடுகின்றன என்பதைப் பற்றியது. நல்ல வேலை, உயர்ந்த மதிப்பெண், புதிய பொருள் ஆகியவை தரும் மகிழ்ச்சிக்கு மனம் விரைவில் பழகிவிடுகிறது என்பதையும், நம்மை நாம் யாரோடு ஒப்பிடுகிறோம் என்பதே நிறைவைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்பதையும் சாண்டோஸ் ஆய்வுகளைக் கொண்டு விளக்குகிறார். 1992ஆம் ஆண்டின் பார்சிலோனா ஒலிம்பிக் போட்டியில் வெள்ளி வென்றவர்களைவிட வெண்கலம் வென்றவர்கள் மகிழ்ச்சியாகத் தோன்றினர் என்ற ஆய்வு அவற்றுள் ஒன்று. தங்கத்தைத் தவறவிட்டோமே என்று ஒருவர் ஏங்க, பதக்கமே இல்லாமல் போயிருக்கலாமே என்று மற்றவர் நிம்மதி அடைகிறார். இந்தப் பகுதி சுவையாக இருந்தாலும் தேவைக்கு மேல் நீள்கிறது என்பதே என் மதிப்பீடு.

பாடநெறியின் உயிர் அதன் வாராந்தரப் பயிற்சிகளில் இருக்கிறது. ஒரு செய்தியைத் தெரிந்துகொண்டாலே பாதி வேலை முடிந்துவிட்டது என்னும் நம்பிக்கை தவறு என்று முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டு, அடுத்தடுத்த வாரங்களில் ஒவ்வொன்றாகச் செயல்களைக் கையில் கொடுக்கிறார்கள்: அன்றைய இனிய அனுபவம் ஒன்றை அவசரமில்லாமல் உணர்ந்து துய்த்தல், நன்றிக்குரியவற்றைக் குறித்து வைத்தல், பிறருக்கு உதவுதல், மனிதர்களோடு பேசுதல், உடற்பயிற்சி, போதிய தூக்கம், தியானம். இவற்றில் புதியது எதுவுமில்லை என்று தோன்றலாம். ஆனால், சிறு உதவி கூட ஏன் இந்தப் பட்டியலில் இருக்கிறது என்பதற்குக் காட்டப்படும் சான்று யோசிக்க வைக்கிறது. 2008இல் எலிசபெத் டன்னும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வில், காலையில் 5 அல்லது 20 டாலர் கொடுத்து, மாலைக்குள் செலவழிக்கச் சொன்னபோது, தமக்கென்று செலவிட்டவர்களைவிடப் பிறருக்காகச் செலவிட்டவர்களே அதிக மகிழ்ச்சியோடு இருந்தனர். தொகை 5 டாலரா 20 டாலரா என்பது வேறுபாட்டை உண்டாக்கவில்லை. அதேபோல், சிகாகோ ரயில்களில் நிக்கோலஸ் எப்லியும் ஜூலியானா ஷ்ரோடரும் நடத்திய ஆய்வில், அருகிலிருக்கும் அறிமுகமற்றவரோடு பேசினால் பயணம் கசக்கும் என்றே மக்கள் எதிர்பார்த்தனர். பேசியவர்களின் பயணமோ மற்றவர்களுடையதைவிட இனிமையாக இருந்தது.

நன்றிப் பயிற்சியில் மட்டும் நான் பாடநெறியிலிருந்து சற்று விலகுகிறேன். ஒரு வாரம் முழுவதும் இரவுதோறும் ஐந்து செய்திகளை எழுதச் சொல்கிறார்கள். ஆனால் ராபர்ட் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கல்லோவும் 2003இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வின் முதல் பகுதியில் வாரத்துக்கு ஒருமுறை மட்டும் எழுதியவர்களிடமும் நல்ல மாற்றம் தெரிந்தது. சோன்யா லியுபோமிர்ஸ்கியின் ஆய்விலும் வாரம் ஒருமுறை எழுதியவர்கள் பயனடைந்தனர், மும்முறை எழுதியவர்களிடம் அது காணப்படவில்லை. தினமும் எழுதும்போது குடும்பம், உடல்நலம், உணவு என்று அதே சொற்கள் சடங்காகத் திரும்பி வந்துவிடுகின்றன. ஆகவே ஞாயிற்றுக்கிழமை மாலை ஒன்றை ஒதுக்கி, அந்த வாரத்துக்கே உரிய நிகழ்ச்சிகளை எழுதுவது நல்லது. நன்றிக்கடிதம் ஒன்றை எழுதி உரியவர் முன்னிலையிலேயே படித்துக் காட்டும் பயிற்சியும் உண்டு. அம்மாவுக்கோ பள்ளி ஆசிரியருக்கோ நேருக்கு நேர் நன்றி சொல்லிப் பழகாத நம் வீடுகளில் இது மிகவும் கூச்சம் தருவதாக இருக்கும். ஆயினும் தவிர்க்க வேண்டாம் என்றே சொல்வேன். எல்லாப் பயிற்சிகளிலும் எனக்கு மிக நெருக்கமானது இதுதான்.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். மகிழ்ச்சியில் 50 விழுக்காடு மரபணு, 10 விழுக்காடு சூழ்நிலை, 40 விழுக்காடு நம் செயல்கள் என்னும் வட்ட வரைபடம் பாடத்தில் வருகிறது. அது 2005ஆம் ஆண்டின் கட்டுரை ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டது. அந்த எண்கள் மக்கள் தொகையில் மனிதருக்கு மனிதர் காணப்படும் வேறுபாட்டைக் குறிப்பவை. தனியொருவரின் மகிழ்ச்சியை அப்படிப் பங்கு பிரிக்க முடியாது. கடனிலோ நோயிலோ வாடுபவரிடம் அவருடைய சூழ்நிலை வெறும் 10 விழுக்காடுதான் என்று சொல்வது கொடுமை. பணத்தைப் பற்றிய பாடமும் அவ்வாறே. ஆண்டுக்கு 75,000 டாலருக்கு மேல் அன்றாட மகிழ்ச்சி கூடுவதில்லை என்ற 2010ஆம் ஆண்டின் முடிவை, அதை எழுதிய இருவரில் ஒருவரான டேனியல் கானெமனே 2023இல் மேத்யூ கில்லிங்ஸ்வர்த்தோடு சேர்ந்து திருத்தினார். பெரும்பாலானோருக்கு அந்த எல்லைக்கு மேலும் மகிழ்ச்சி உயர்கிறது, மிகவும் துயருற்றிருப்பவர்களுக்கு மட்டுமே ஓர் எல்லைக்குப் பிறகு நின்றுவிடுகிறது.

கடைசி நான்கு வாரங்களில் புதிய பாடம் கிடையாது. அதுவரை செய்து பார்த்தவற்றில் ஒரே ஒரு பழக்கத்தைத் தேர்ந்தெடுத்து நாள்தோறும் தொடர வேண்டும். ஏழு பழக்கங்களையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ள விடாமல் ஒன்றோடு நிறுத்துவதில்தான் இந்த வடிவமைப்பின் விவேகம் தெரிகிறது. அதற்குத் துணையாகக் கற்றுத்தரப்படும் முறையும் எளியது: விரும்பும் பலனை மனத்தில் காண்பது, அதற்குக் குறுக்கே நிற்கும் தடை எது என்று நேர்மையாகக் கேட்டுக்கொள்வது, அந்தத் தடை வரும்போது இதைச் செய்வேன் என்று முன்கூட்டியே முடிவு செய்வது. கேப்ரியேல் ஓட்டிங்கனும் பீட்டர் கோல்விட்சரும் உருவாக்கிய முறைகள் இவை. தூக்கத்தைத் தேர்ந்தெடுப்பவர், “பத்து மணிக்குக் கைப்பேசியை எடுக்கத் தோன்றினால், அதைக் கூடத்தில் வைத்துவிட்டுப் படுக்கைக்குச் செல்வேன்” என்று எழுதி வைக்கலாம்.

தொடங்கும்போது நிரப்பிய மகிழ்ச்சி அளவீட்டு வினாத்தாளையே இறுதியிலும் நிரப்பச் சொல்கிறார்கள். சான்றிதழ் வேண்டுமானால் தனிக் கட்டணம் உண்டு. பழக்கத்துக்காக மட்டும் சேர்பவருக்கு அது தேவையில்லை. தீவிர மனச்சோர்வில் இருப்பவர்கள் இதை மருத்துவ உதவிக்கு மாற்றாகக் கொள்ளக் கூடாது. மற்றவர்கள், தேர்வோ இடமாற்றமோ குறுக்கிடாத பத்து வாரங்களைப் பார்த்து, முடிந்தால் வீட்டில் ஒருவரையோ நண்பர் ஒருவரையோ உடன் சேர்த்துக்கொண்டு தொடங்கலாம். பயிற்சியைச் செய்தோமா என்று கேட்பதற்குப் பாடநெறியில் யாரும் இல்லாத குறையை அந்த ஒருவர் தீர்த்துவிடுவார்.