உயிலா, செட்டில்மெண்டா? ஒற்றை வீட்டுக்காரரின் கணக்கு

சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் பத்திர எழுத்தரிடம், "வீட்டைப் பசங்க பேருக்கு எழுதணும்" என்று சொல்லிப் பாருங்கள். "உயிலா, செட்டில்மெண்டா?" என்பார். பதிலுக்குக் காத்திராமல், "செட்டில்மெண்டே போட்டுடுங்க சார், பின்னாடி தகராறு வராது" என்றும் சொல்லிவிடுவார். அவர் சொல்வதில் பாதி உண்மை.

செட்டில்மெண்ட் என்பது உயிரோடு இருக்கும்போதே சொத்தைக் குடும்பத்தாருக்குக் கொடுத்துவிடும் பத்திரம். அது பதிவானதும் வில்லங்கச் சான்றில் (சொத்தின் மீது பதிவான பத்திரங்களைக் காட்டும் சான்று) ஏறிவிடும், பட்டாவையும் பிள்ளை பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். உயிலுக்கோ எழுதியவர் போன பிறகுதான் உயிர் வரும். இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். வழக்கு என்று வந்தால் அவர்களில் ஒருவராவது கூண்டேற வேண்டும். 70 வயதுக்காரர் தன் வயது நண்பர்களையே சாட்சிக்குக் கூட்டிப் போவதை நிறையப் பார்க்கிறோம். உயில் வெளியே வரும் நாளில் சாட்சிகளும் இருக்க மாட்டார்கள்! இளையவர்களாக, சொத்தில் பங்கு இல்லாதவர்களாகப் பிடியுங்கள்.

செலவில் உயிலை அடித்துக்கொள்ள முடியாது. முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். பதிவுகூடக் கட்டாயமில்லை, பதிந்தால் நல்லது. குடும்பத்துக்குள் செட்டில்மெண்ட் என்றால் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000. இது 2023 ஜூலையில் உயர்த்திய கணக்கு.

பத்திர எழுத்தர் சொல்லாமல் விட்ட மீதிப் பாதிக்கு வருவோம். செட்டில்மெண்ட் பதிவான நிமிடத்திலிருந்து வீடு உங்களுடையது அல்ல. மனம் மாறினால் நீங்களாகவே ரத்துப் பத்திரம் போட முடியாது. உயிலை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், கடைசியாக எழுதியதே செல்லும். பிள்ளை கவனிக்காவிட்டால் மூத்த குடிமக்கள் சட்டம் (2007) 23-ஆம் பிரிவின்படி செட்டில்மெண்டை ரத்து செய்யக் கேட்டுக் கோட்டாட்சியரிடம் போகலாம்தான். ஆனால், பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் கொடுத்தோம் என்று காட்ட வேண்டும் என 2022-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025-இல் வந்த தீர்ப்பு பெற்றோர் பக்கம் கொஞ்சம் சாய்ந்தது. தள்ளாத வயதில் இந்த அலைச்சல் யாருக்கு வேண்டும்?

அதனால் இருப்பது ஒரே வீடு என்றால் என் ஓட்டு உயிலுக்குத்தான். கூடுதலாக ஒரு மனை கிடந்தால் அதை செட்டில்மெண்டில் கொடுத்துவிடலாம். வீட்டையே கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், உங்கள் ஆயுளும் மனைவியின் ஆயுளும் முடியும் வரைக்கும் அனுபவ பாத்தியதையை (வீட்டில் குடியிருந்து அனுபவிக்கும் உரிமையை) வைத்துக்கொண்டு எழுதுங்கள். பராமரிப்பு நிபந்தனையும் பத்திரத்திலேயே இருக்கட்டும்.

பூர்வீகச் சொத்தென்றால் உயிலில் உங்கள் பங்கை மட்டும்தான் எழுத முடியும். முஸ்லிம்களுக்குக் கணக்கே வேறு: வாரிசுகள் சம்மதிக்காவிட்டால், கடன் போக மிஞ்சுவதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் செல்லாது.

ஒன்று மறக்க வேண்டாம். பதிவு செய்த உயிலும் வில்லங்கச் சான்றில் தெரியாது. நீங்கள் இருக்கும்வரை நகல்கூட உங்களுக்குத்தான் தருவார்கள். பீரோவுக்குள் வைத்துப் பூட்டினால், எந்தப் பீரோ என்று ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள்.