பல்கனிக் கருவியா, மௌனா லோவாவா?

காபனீரொட்சைட்டு கூடுவதைப் பார்க்க கொழும்பு வெள்ளவத்தை பல்கனியில் வைத்த சிறு கருவியை நம்புவதா, ஹவாயின் மௌனா லோவா எரிமலையிலுள்ள ஆய்வகத்தின் அளவையா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள்.

செலவு: கருவிக்குக் காசு வேண்டும். ஹவாய்த் தரவு இலவசம்.

நம்பகம்: இங்கேதான் பெரிய வித்தியாசம். காலி வீதி வாகன நெரிசலில் பல்கனி எண் ஏறும், கடற்காற்று வீசினால் இறங்கும். கிட்ட நின்று மூச்சுவிட்டாலே தாவும். மௌனா லோவாவில் வாகனப் புகைக்கு எட்டாமல் சுமார் 3,400 மீட்டர் உயரத்தில், 1958 முதல் அளக்கிறார்கள். அன்று 315 பிபிஎம் (காற்றின் பத்து இலட்சம் பங்கில் எத்தனை பங்கு என்ற அளவு) அளவில் இருந்தது, 2024இல் சராசரி 424.6 ஆகிவிட்டது. பயமாகத்தான் இருக்கிறது.

இலகு: இரண்டும் சரி.

உலகப் போக்கை அறிய மௌனா லோவா. மூடிய டியூஷன் வகுப்பில் காற்றோட்டம் பார்க்கக் கருவி. 1,000 பிபிஎம்மைத் தாண்டினால் யன்னலைத் திறந்துவிடுங்கள்.