ஓராள் அபத்த நாடகப் பட்டறை: இரண்டு நாள் போய் வந்த அனுபவம்

பதினாறு வருடமாக வங்கி கவுன்ட்டரில் வேலை. டோக்கன் எண்ணைக் கூப்பிடுகிற ஆளே தன் எண்ணுக்காகக் காத்திருக்கிறான் என்று ஒரு வரி என் நோட்டில் வெகுநாளாகக் கிடந்தது. அதை நாடகமாக்க வழி தெரியாமல்தான் சென்னையில் நடந்த இந்தப் பட்டறைக்குப் பணம் கட்டினேன். அபத்த நாடகம் என்றால், வாழ்க்கையின் அர்த்தமின்மையை வழக்கமான கதையும் தர்க்கமும் இல்லாமல் காட்டுகிற நாடக வகை. மதியச் சாப்பாட்டோடு 2,500 ரூபாய்.

முதல் நாள் காலையில் பேச்சு கொஞ்சம் நீளம். ஆனால் பயிற்சி கொடுத்த அக்கா கேட்ட ஒரு கேள்விக்கே கொடுத்த காசு தகும்: "மேடையில நீங்க ஒருத்தர்தான். சரி, உங்களோட மோதுறது யாரு?" அயர்லாந்து நாடகாசிரியர் சாமுவேல் பெக்கெட்டின் 1958ஆம் வருட நாடகம் ஒன்றை எடுத்துச் சொன்னார். 69 வயதுக் கிழவர், தன் 39 வயதுக் குரலை டேப்பில் ஓடவிட்டு அதோடு மல்லுக்கட்டுவார். இன்னொரு அபத்த நாடகாசிரியர் அயனெஸ்கோவின் 'நாற்காலிகள்' நாடகத்தில் கண்ணுக்குத் தெரியாத விருந்தாளிகளுக்கு நாற்காலி போட்டுப் போட்டே மேடை நிறைந்துவிடும்.

நான் நான்கு பக்கம் வசனம் எழுதிப் போயிருந்தேன். அக்கா அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, ஒரு இரும்பு மடக்கு நாற்காலியைக் கொடுத்தார். "ஒரே ஒரு விதி வைங்க தம்பி. என்ன ஆனாலும் அதை மீறாதீங்க." நான் வைத்த விதி: உட்கார்ந்திருப்பவன் கூப்பிடக் கூடாது, கூப்பிடுபவன் உட்காரக் கூடாது. எழுந்து போய் "நாற்பத்தேழு" என்பேன், நாற்காலி காலி. ஓடிவந்து உட்கார்ந்து நிமிர்ந்தால் கவுன்ட்டரில் ஆள் இல்லை. அந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. எழும்போதெல்லாம் 'டக்' என்று தரையில் தட்டும். ஆறாவது தடவை, என்னை அறியாமல் அந்தச் சத்தத்துக்கு "இதோ வந்துட்டேன் சார்" என்றேன். அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவர்கள் சட்டென்று அடங்கிவிட்டார்கள். மோதுவதற்கு ஆள் கிடைத்துவிட்டது.

குறையும் உண்டு. பன்னிரண்டு பேரைச் சேர்த்தது அதிகம். இரண்டாம் நாள் நடித்துக்காட்ட ஆளுக்குப் பத்து நிமிடம்தான். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, மதியத்தில் வெந்துபோனோம். ஒளியமைப்பு பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. முழுப் பிரதியோடு வருபவர்களுக்கு இது சரிப்படாது. ஒற்றை வரியோடு தவிக்கிறவர்கள் தயங்காமல் போகலாம். பழகின பொருள் ஏதாவது ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள்.

அந்த நாற்காலியை விலைக்குக் கேட்டேன், தரவில்லை. அப்புறம் வீட்டு நாற்காலி ஒன்றின் காலை அரை அங்குலம் அறுத்து ஒத்திகையைத் தொடங்கிவிட்டேன்.