அரசுத் தளம், ‘உதவி’ தளம், ஏஜென்ட், விசா மையம்: எந்த வாசலில் எவ்வளவு?

வியட்நாம் இ-விசாவுக்கு அந்நாட்டு அரசு வாங்கும் கட்டணம் ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறை நுழைய 50 டாலர். 2023 ஆகஸ்ட் 15 முதல் இரண்டுமே 90 நாள் வரை செல்லும். இதையே கூகுளில் தேடினால் ‘ஸ்பான்சர்டு’ என்ற பொடி எழுத்தோடு மேலே வந்து நிற்கும் தளங்கள் இரண்டு மடங்கும் கேட்கும், மூன்று மடங்கும் கேட்கும். எங்கே கட்டினாலும் கடைசியில் கைக்கு வருவது ஒரே பிடிஎஃப்தான்.

கூடுதல் பணம் வாங்குபவர்கள் எல்லோரும் மோசடிக்காரர்கள் இல்லை என்பதுதான் குழப்பத்துக்குக் காரணம். விசா வாங்க நான்கு வாசல்கள் உண்டு: அரசின் சொந்தத் தளம், தனியார் ‘உதவி’ தளம், ஊரில் இருக்கும் டிராவல் ஏஜென்ட், தூதரகம் நியமித்த விசா மையம். நாட்டைப் பொறுத்து எது சரி என்பது மாறும்.

அரசுத் தளமும் ‘உதவி’ தளமும்

வியட்நாமையே எடுத்துக்கொள்வோம். அரசுத் தளத்தில் வேலை அரை மணி நேரம். கண்ணாடி அணியாத முகப்படம் ஒன்று, பாஸ்போர்ட்டின் விவரப் பக்கப் படம் ஒன்று, நுழையும் தேதி, நுழையும் விமான நிலையம், தங்கும் முகவரி, பிறகு கார்டில் கட்டணம். முடிந்ததும் ஒரு பதிவுக் குறியீடு வரும். அதை எழுதி வையுங்கள். மின்னஞ்சலை மட்டும் நம்பிக் காத்திருப்பவர்கள்தான் கடைசி நாளில் பதறுவார்கள். விசா தயாரானதா என்று அந்தக் குறியீடு, மின்னஞ்சல், பிறந்த தேதி மூன்றையும் போட்டுத் தளத்திலேயே பார்த்து இறக்கிக்கொள்ள வேண்டும். மூன்று வேலை நாள் என்பது அரசுக் கணக்கு. சனி, ஞாயிறு அதில் சேராது. தெத் புத்தாண்டு விடுமுறையும் சேராது.

‘உதவி’ தளம் செய்வது என்ன? அதே கேள்விகளை அழகான பக்கத்தில் கேட்டு, உங்கள் பதில்களை அரசுத் தளத்தில் இன்னொருவர் தட்டச்சு செய்கிறார். அரசுத் தளத்தின் ஆங்கிலம் சுமார், பக்கமும் சில சமயம் தொங்கும், உண்மைதான். ஆனால் இடையில் ஓர் ஆள் நுழையும்போது தவறும் கூடவே நுழைகிறது. பாஸ்போர்ட் எண்ணில் பூஜ்யத்துக்குப் பதில் ‘ஓ’ விழலாம், பிறந்த தேதியில் நாளும் மாதமும் இடம் மாறலாம். தவறான விசாவோடு செக்-இன் கவுன்ட்டரில் நிற்கப்போவது நீங்கள். அதைத் திருத்தப் பெரும்பாலும் புதிதாக விண்ணப்பித்து மறுபடி 25 டாலர் கட்ட வேண்டும். விசா மறுக்கப்பட்டாலும் கட்டிய கட்டணம் திரும்பாது; இது அரசுத் தளத்துக்கும் பொருந்தும்.

வியட்நாமில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. சில தனியார் தளங்கள் விற்பது இ-விசாவே இல்லை, விமான நிலையத்தில் விசா வாங்குவதற்கான ‘ஒப்புதல் கடிதம்’. தளத்துக்குக் கொடுத்தது கடிதத்துக்கான கூலி மட்டும். இறங்கியதும் முத்திரைக் கட்டணம் என்று ஒருமுறை நுழைவுக்கு 25 டாலர் தனியாக எடுத்து வைக்க வேண்டும். ‘விசாவுக்கு 20 டாலர்தான்’ என்று அரசுக் கட்டணத்தை விடக் குறைவாக ஒரு தளம் சொன்னால், அது பெரும்பாலும் இந்தக் கடிதக் கூலியாகத்தான் இருக்கும்.

முகவரியை எங்கிருந்து படிப்பது

பூட்டுச் சின்னம் இருக்கிறது, அரசு முத்திரை இருக்கிறது, கொடி பறக்கிறது என்பதெல்லாம் சான்று ஆகாது. பூட்டு சொல்வது தகவல் மறைகுறியாக்கத்தில் போகிறது என்பதை மட்டும். போவது யாருக்கு என்பதை அது சொல்லாது.

முகவரியின் தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அடுத்து வரும் ஒற்றைச் சாய்கோட்டைப் பாருங்கள். அதற்கு உடனே இடப்பக்கம் நிற்பதுதான் தளத்தின் உண்மையான சொந்தப் பெயர். வியட்நாமுக்கு அது ‘டாட் கவ் டாட் விஎன்’ என முடிய வேண்டும். ‘கவ்-விஎன் டாட் காம்’ என்று நடுவில் சிறு கோடு போட்டு முடிந்தால் அது வெறும் ‘டாட் காம்’, யார் வேண்டுமானாலும் வாங்கக்கூடிய பெயர். ‘டாட் ஆர்க்’ என்பதும் அப்படித்தான். சேவை அமைப்பு போலத் தெரிவதால் பலரும் ஏமாறுவது அதில்தான்.

எல்லா நாடும் ‘கவ்’ போடுவதில்லை. தாய்லாந்து அரசு ‘டாட் கோ டாட் டிஎச்’, இந்தோனேசியா ‘டாட் கோ டாட் ஐடி’. கனடா அரசின் தளம் ‘கனடா டாட் சிஏ’. இதைவிடத் தலைகீழான உதாரணம் அமெரிக்க விசா. டிஎஸ்-160 என்ற விண்ணப்பப் படிவத்தை நிரப்புவது வெளியுறவுத் துறையின் ‘டாட் கவ்’ தளத்தில், காசு கிடையாது. ஆனால் சுற்றுலா விசாவுக்கான 185 டாலரைக் கட்டி நேர்காணல் நாள் வாங்கும் தளம் இந்தியர்களுக்கு ஒரு ‘டாட் காம்’. அது அசலேதான். ஆகவே முடிவெழுத்து முதல் சல்லடை மட்டும். உறுதியான வழி, அந்த நாட்டுத் தூதரகத்தின் அல்லது குடிவரவுத் துறையின் பக்கத்துக்குப் போய் அங்கிருக்கும் இணைப்பைச் சொடுக்குவது. தேடல் முடிவைச் சொடுக்கி உள்ளே போகாதீர்கள்.

அரசே குழப்பிய கதையும் உண்டு. இலங்கை 2024 ஏப்ரலில் பழைய இ.டி.ஏ. (மின்னணுப் பயண அனுமதி) முறையை விட்டுவிட்டு, விசா வேலையை வெளி நிறுவனங்களிடம் கொடுத்தது. புதிய தளத்தின் முகவரியில் ‘கவ்’ இல்லை, வெறும் ‘டாட் எல்கே’. பல நாட்டவர்க்கு 50 டாலராக இருந்த சுற்றுலா விசா, சேவைக் கட்டணங்களும் ஏறி 100.77 டாலர் ஆனது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 2 அன்று உச்ச நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. செப்டம்பர் கடைசியில் பழைய இ.டி.ஏ. தளம் திரும்பியது. இடைப்பட்ட மாதங்களில் எழுதப்பட்ட பயணக் குறிப்புகள் இன்றும் இணையத்தில் கிடக்கின்றன. அவற்றைப் பார்த்துத் தளத்தையோ தொகையையோ முடிவு செய்யாதீர்கள்.

காசே இல்லாதவை

இந்த அலசலில் மிக எளிதான பகுதி இது. தாய்லாந்தின் டிஜிட்டல் வருகை அட்டை (2025 மே 1 முதல் கட்டாயம்), மலேசியாவின் எம்.டி.ஏ.சி. என்ற வருகை அட்டை, சிங்கப்பூரின் எஸ்ஜி அரைவல் கார்டு மூன்றும் இலவசம். மூன்றையுமே இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள்தான் அனுப்ப முடியும். எனவே கார்டு எண் கேட்டாலே நீங்கள் தவறான தளத்தில் நிற்கிறீர்கள் என்று பொருள். மூன்று வாரத்துக்கு முன்பே ‘பதிவு செய்து தருகிறோம்’ என்றாலும் அதே பொருள்தான்.

இவை விசா அல்ல என்பதையும் மறக்க வேண்டாம். சிங்கப்பூர் செல்லும் இந்தியருக்கு வருகை அட்டையும் வேண்டும், விசாவும் வேண்டும்.

கவுன்ட்டரிலும் அதே விலை என்றால்

இந்தோனேசியாவில் வருகை விசாவை முன்கூட்டியே இணையத்தில் வாங்கலாம், பாலி விமான நிலையக் கவுன்ட்டரிலும் வாங்கலாம். இரண்டிலும் 5,00,000 ரூபியாதான், 30 நாள், ஒருமுறை நீட்டிக்கலாம். இணையத்தில் வாங்கினால் வரிசை மிச்சம். அரசுத் தளம் கார்டை ஏற்காமல் அடம்பிடித்தால் தனியார் தளத்துக்கு ஓட வேண்டாம், கவுன்ட்டர் இருக்கிறது. பாலி மாகாணத்தின் சுற்றுலா வரி 1,50,000 ரூபியா தனி. 2024 பிப்ரவரி 14 முதல் வாங்குகிறார்கள், அதற்கு வேறு தளம். இரண்டையும் கூட்டி ‘விசா கட்டணம்’ என்று ஒரே தொகையாகச் சொல்பவரிடம் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்.

ஏஜென்ட் தேவைப்படும் இடங்கள்

‘எல்லாவற்றையும் நீங்களே செய்யுங்கள்’ என்ற அறிவுரை சிங்கப்பூரில் செல்லாது. சாதாரண இந்தியப் பயணி அரசுத் தளத்தில் தானாக விண்ணப்பிக்க வழியில்லை. அங்கீகரிக்கப்பட்ட விசா ஏஜென்ட் வழியாகப் போக வேண்டும், இல்லையென்றால் சிங்கப்பூரில் இருக்கும் தெரிந்தவர் சிங்பாஸ் என்ற தன் அரசு இணைய அடையாளக் கணக்கின் மூலம் போட வேண்டும். அரசுக் கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர், மறுத்தாலும் திரும்பாது. அதற்கு மேல் வாங்குவது ஏஜென்ட்டின் கூலி. அங்கீகாரம் உள்ளவரா என்பதை சிங்கப்பூர் தூதரகம் வெளியிட்டுள்ள பட்டியலில் பாருங்கள். சென்னையில் துணைத் தூதரகமே இருக்கிறது. விசா வந்ததும் அது செல்லுமா என்று சிங்கப்பூர் குடிவரவுத் துறைத் தளத்தில் நீங்களே சரிபார்க்கலாம்.

ஐக்கிய அரபு அமீரகமும் இந்த வகைதான். இந்தியருக்கான வருகை விசா பொதுவாக விமான நிறுவனம், ஓட்டல் அல்லது அங்கே உரிமம் பெற்ற ஏஜென்சி வழியாகவே வரும்.

ஏஜென்ட்டிடம் ரசீது கேளுங்கள். அதில் அரசுக் கட்டணம் ஒரு வரியாகவும், சேவைக் கட்டணம் அதன் மீதான 18 சதவீத ஜிஎஸ்டியோடு இன்னொரு வரியாகவும் இருக்க வேண்டும். மொத்தத் தொகைக்கும் ஜிஎஸ்டி போட்டிருந்தால் காரணம் கேளுங்கள். வியட்நாம் போன்ற எளிய விசாவுக்கும் ஏஜென்ட்டிடம் போவது தப்பில்லை. வயதானவர்களுக்கும் குழுவாகப் போகிறவர்களுக்கும் அது வசதி. முகம் தெரியாத தளத்துக்குக் கொடுப்பதை விட, தவறு நேர்ந்தால் போய்க் கேட்கக்கூடிய கடைக்குக் கொடுப்பது மேல்.

விசா மையம்

ஷெங்கன் விசாவுக்குத் தமிழ்நாட்டிலிருந்து விஎஃப்எஸ் போன்ற மையத்தைத் தவிர்ப்பது கடினம். கைரேகை அங்கேதான். 2024 ஜூன் 11 முதல் பெரியவருக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ, அதற்குக் கீழே இலவசம். இதன்மேல் மையத்தின் சேவைக் கட்டணம் கட்டாயம், அதில் ஏமாற்று ஏதுமில்லை.

அதற்குப் பிறகு வரும் பட்டியலில்தான் கவனம் வேண்டும். குறுஞ்செய்தித் தகவல், கூரியர், நகல், புகைப்படம், தனி அறை எல்லாமே விருப்பத்துக்குரியவை. ‘வேண்டாம்’ என்றால் விண்ணப்பம் பாதிக்காது. முடிவெடுப்பது தூதரகம். சோபாவில் உட்கார்ந்து கொடுத்த கோப்பும் வரிசையில் நின்று கொடுத்த கோப்பும் போய்ச் சேரும் மேசை ஒன்றுதான்.

வெளிநாட்டுப் பாஸ்போர்ட் உள்ள தமிழர்களுக்கு

இந்தியாவுக்கு வருவோர் இ-விசாவைத் தேடும்போதும் இதே காடுதான். அசல் தளம் ‘டாட் கவ் டாட் இன்’ என முடியும். கட்டணம் நாட்டுக்கு நாடு மாறும். பல நாட்டவர்க்கு 30 நாள் சுற்றுலா விசா ஏப்ரல் முதல் ஜூன் வரை 10 டாலர், மற்ற மாதங்களில் 25. ஓராண்டுக்கு 40, ஐந்தாண்டுக்கு 80. கார்டுக் கட்டணம் தனி. ‘அவசரக் கட்டணம்’ என்று எதையும் வாங்குவதில்லை என இந்திய அரசே அந்தத் தளத்தில் எழுதி வைத்திருக்கிறது. ஆகவே ‘24 மணி நேர எக்ஸ்பிரஸ்’ விற்கும் தளம் அரசுடையது இல்லை. பாஸ்போர்ட் பக்க பிடிஎஃப் 300 கேபிக்குள், முகப்படம் சதுரமாக ஒரு எம்பிக்குள் இருக்க வேண்டும். பலரும் சலித்துப்போய்த் தனியார் தளத்துக்குத் தாவுவது இந்த இடத்தில்தான். கோப்பைச் சுருக்கினால் தீரும் பிரச்சினை அது.

விசா தேவைப்படாத பாஸ்போர்ட்காரர்கள் வாங்கும் முன் அனுமதிகளும் உண்டு. கனடாவின் இ.டி.ஏ. 7 கனடா டாலர். பிரிட்டனின் இ.டி.ஏ. 2025 ஏப்ரல் 9 அன்று 16 பவுண்ட் ஆனது, அமெரிக்காவின் எஸ்டா 2025 செப்டம்பர் 30 அன்று 40 டாலர் ஆனது. அரசுகள் இவற்றை அவ்வப்போது ஏற்றும், கட்டும் அன்று அரசுப் பக்கத்தில் பாருங்கள். இதே வகையான ஐரோப்பாவின் எடியாஸ் 2026 கடைசிக் காலாண்டில்தான் தொடங்கும் என்று ஐரோப்பிய ஒன்றியம் அறிவித்திருக்கிறது. அதற்கு முன்பே விண்ணப்பம் வாங்குகிற தளத்தை என்ன சொல்வது!

பெயர்ப் பெட்டி

எந்த வாசலில் போனாலும் தமிழர்களைத் தடுக்கி விழ வைப்பது இது. நம்மில் பலரின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலி, முழுப் பெயரும் இன்னொரு கட்டத்தில். படிவமோ குடும்பப் பெயர் இல்லாமல் நகராது. அமெரிக்கப் படிவத்துக்கு விதி தெளிவு: இருக்கும் பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்தில் போட்டு, மற்றதில் ‘எஃப்என்யு’ (முதல் பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று எழுத வேண்டும். மற்ற நாடுகளுக்கு இதைக் காப்பியடிக்காதீர்கள். அந்தந்தப் படிவத்தின் குறிப்பைப் படியுங்கள். பாஸ்போர்ட்டின் அடியில் இரண்டு வரியாக ஓடும் இயந்திர எழுத்தில் பெயர் எப்படி இருக்கிறதோ அதுதான் ஆதாரம். இனிஷியலைச் சுயமாக விரிப்பது, அப்பா பெயரைச் சேர்ப்பது இரண்டுமே வில்லங்கம்.

அமீரகத்துக்கு இது இன்னும் கடுமை. ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்கு வருகை விசா கிடையாது என்று 2022 நவம்பரில் விமான நிறுவனங்கள் அறிவித்தன. பணம் கட்டும் முன் ஏஜென்ட்டிடம் பாஸ்போர்ட்டின் முதல், கடைசிப் பக்கங்களைக் காட்டிக் கேட்டுவிடுங்கள்.

கட்டும்போதும் கட்டிய பிறகும்

இந்திய வங்கிக் கார்டுகளில் வெளிநாட்டு இணையப் பரிவர்த்தனை முதலில் மூடியே இருக்கும். 2020 முதல் ரிசர்வ் வங்கியின் விதி அது. வங்கிச் செயலியில் திறந்து, வரம்பை விசா தொகைக்குச் சற்று மேலே வையுங்கள். ‘அரசுத் தளம் வேலை செய்யவில்லை’ என்று கைவிடப்படும் பல முயற்சிகளுக்குக் காரணம் இந்த மூடிய கார்டுதான். வங்கி 3.5 சதவீத மாற்றுக் கூலியும் அதன்மேல் ஜிஎஸ்டியும் போட்டால் 25 டாலருக்கு ஏறக்குறைய ஒரு டாலர் கூடும். அதற்கு மேல் போனால் வேறு எதுவோ சேர்ந்திருக்கிறது.

தவறான தளத்தில் கட்டியாகிவிட்டதா? முதலில் அந்தத் தளத்தின் அடிப்பகுதியைப் படியுங்கள். ‘நாங்கள் அரசு அல்ல, சேவைக் கட்டணம் வாங்குகிறோம்’ என்று பொடி எழுத்தில் இருந்து, விசாவும் வந்துவிட்டால், வங்கியில் தகராறு போட்டுப் பணம் மீட்பது கடினம். இன்னும் அரசிடம் அனுப்பவில்லை என்றால் உடனே எழுத்தில் ரத்து கேளுங்கள். பல தளங்கள் சேவைக் கூலியை அந்தக் கட்டத்தில் திருப்பித் தருவதாக விதியில் எழுதியிருக்கும். விசாவும் வரவில்லை, பதிலும் இல்லை என்றால் வங்கியில் தகராறு பதிவு செய்து, கார்டை முடக்கி, 1930 எண்ணில் சைபர் குற்றப் புகார் கொடுங்கள். பாஸ்போர்ட் நகலும் அவர்களிடம் போயிருக்கிறது. அதனால் அந்தப் பயணத்துக்கு அரசுத் தளத்தில் புதிதாக விண்ணப்பிக்கும் முன், அதே பாஸ்போர்ட் எண்ணில் ஏற்கெனவே ஒரு விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறதா என்று அந்நாட்டுக் குடிவரவுத் துறைக்கு ஒரு மின்னஞ்சல் எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள்.