‘கிளாஸ் ஏ’ பிபெட் வாங்குகிறவர்கள் தண்ணீரை நிறுத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்

தொண்டி, தேவிபட்டினம், மண்டபம் பக்கம் இறால் பண்ணைகளுக்குத் தண்ணீர் சோதித்துக் கொடுக்கும் சின்ன லேப்காரர்களுக்கும், பள்ளி கல்லூரிக்கு லேப் சாமான் வாங்குகிறவர்களுக்கும் இந்தப் பதிவு. வெளியூர் டீலர் ஒருவரிடம் 10 மி.லி. பிபெட் (குறித்த அளவு தண்ணீரை உறிஞ்சி எடுக்கும் கண்ணாடிக் குழாய்) மூன்று, 250 மி.லி. வால்யூமெட்ரிக் ஃபிளாஸ்க் (கழுத்தில் அளவுக்கோடு போட்ட குடுவை), 50 மி.லி. பியூரெட் (அடியில் திருகு வைத்த அளவுக் குழாய்) வாங்கினேன். எல்லாம் ‘கிளாஸ் ஏ’, அதாவது அளவு மிகத் துல்லியமான தரம், சர்டிஃபிகேட் உண்டு என்றார். அடிமாட்டு விலை என்றால் யாருக்கும் சந்தேகம் வரும். இவர் விலை பெரிய கம்பெனிக்குக் கொஞ்சம்தான் கீழே.

கடல் தண்ணீரின் ஹார்ட்னஸ், அதாவது கால்சியம், மெக்னீசியம் அளவு, லிட்டருக்கு 6000 மி.கி.யைத் தாண்டும். அப்படியே டைட்ரேட் செய்ய (இடிடிஏ என்ற கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்க) முடியாது. 10 மி.லி. எடுத்து 250 மி.லி.யாக்கி, அதில் 50 மி.லி.க்கு இடிடிஏ விடுவோம். வரும் விடையை 25-ஆல் பெருக்க வேண்டும். பிபெட் முதலிலேயே குறைவாக எடுத்தால் அந்தக் குறை கடைசி விடைவரை வந்துவிடும். ஒரே கேனிலிருந்த தண்ணீருக்குப் பழைய பிபெட்டில் ஒரு விடை, புதியதில் சுமார் 170 மி.கி. குறைவாக இன்னொரு விடை. பண்ணைக்காரர் நம் ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் மினரல் மூட்டை வாங்குகிறார்.

சரி என்று தராசில் வைத்தேன். 30 டிகிரியில் 10 மி.லி. காய்ச்சி வடித்த தண்ணீர், காற்றில் நிறுக்கும்போது 9.95 கிராம் அளவில் இருக்க வேண்டும். கிளாஸ் ஏ என்றால் கூடக்குறைய 0.02 மி.லி.தான் அனுமதி. பழைய பிபெட் சரியாக நின்றது. புதியது 9.67. மற்ற இரண்டும் கிட்டத்தட்ட அதேதான்.

போனில் கேட்டால், “கடைசிச் சொட்டை நீங்க ஊதியிருக்க மாட்டீங்க சார்” என்றார். ஒற்றைக்கோடு பிபெட்டில் கடைசிச் சொட்டை ஊதக் கூடாது, அது நுனியில் நிற்கும் என்று கணக்கு வைத்துத்தான் கோடே போடுகிறார்கள். அப்படியே ஊதினாலும் ஒரு சொட்டு 0.05 மி.லி. இருக்கும். இங்கே காணாமல் போனது 0.28. அப்புறம், “உங்க ராமநாதபுரம் வெயிலுக்குக் கண்ணாடி விரிஞ்சிருக்கும்” என்றார். விரிந்தால் கூடத்தானே பிடிக்கும், எப்படிக் குறையும்? நம் நாட்டுத் தரப்படி 27 டிகிரிக்கு அளவிட்ட போரோசிலிகேட் (சூட்டுக்கு அதிகம் விரியாத கண்ணாடி) பிபெட், 30 டிகிரியில் மாறுவது தராசில் தெரியாத அளவு. கெமிஸ்ட்ரி படித்தவனிடமே இந்தக் கதை என்றால் மற்றவர்களிடம் என்னவெல்லாம் சொல்வாரோ.

அதற்குப் பிறகு சர்டிஃபிகேட்டை நிதானமாகப் படித்தேன். மூன்று பிபெட்டுக்கும் அளவு, மூன்றாம் தசமம் வரை ஒன்றே. கையால் செய்யும் கண்ணாடியில் அப்படி வராது. தாளில் சீரியல் நம்பர் இருக்கிறது, கண்ணாடியில் இல்லை. ஃபிளாஸ்கில் ‘ஏ’ என்ற எழுத்தை அசிட்டோன் தொட்ட பஞ்சால் துடைத்தேன், மருதாணி மாதிரி பஞ்சில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. நல்ல சாமானில் அது கண்ணாடியோடு சுட்டு ஏற்றியதாக இருக்கும், இப்படித் துடைத்தால் போகாது. கழுத்துக்கோடும் முழுச் சுற்று வரவில்லை, முன்பக்கம் மட்டும்தான். பின்கோடும் முன்கோடும் ஒன்றாகத் தெரியும்படி கண்ணை வைத்துப் பார்த்தால்தான் அளவு சரி, இதில் அதற்கு வழியே இல்லை. பியூரெட் குழாய் ஒழுகுகிறது, அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று, பில்லில் ‘லேப் கண்ணாடிச் சாமான்’ என்று மட்டும்தான் போட்டிருக்கிறார். ‘கிளாஸ் ஏ’ என்பது வாட்ஸ்அப் பேச்சில் மட்டும். ஆர்டர் கொடுக்கும்போதே தரம், சீரியல் நம்பர் இரண்டையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். என்ஏபிஎல் (லேப்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியம்) முத்திரை இருந்தால் அந்தக் கேலிபரேஷன் லேப் (அளவைச் சோதித்துச் சர்டிஃபிகேட் தரும் லேப்) என்ஏபிஎல் இணையதளப் பட்டியலில் இருக்கிறதா என்று தேடுங்கள்.

பணம் திரும்பி வரவில்லை. “யூஸ் பண்ணின சாமானை எடுக்க மாட்டோம்” என்பதே கடைசிப் பதில். இதே சரக்கைத் தொண்டிப் பக்கமும் இறக்கியிருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். நீல அட்டைப்பெட்டி, கருப்பு எழுத்து, சர்டிஃபிகேட் மூலையில் கையெழுத்துக்குப் பதில் ரப்பர் ஸ்டாம்ப். உங்களிடம் இருந்தால் அதில் எடுத்த ரிப்போர்ட்டைப் பண்ணைக்குக் கொடுக்குமுன் ஒருமுறை நிறுத்துப் பார்த்துவிடுங்கள்.