பழைய ஸ்கீ நாட்டிக் படகுக்கு எந்த எஞ்சின்: ஃபோர்டா, செவியா (செவ்ரோலே)?

1980களில் வந்த ‘ஸ்கீ நாட்டிக் 2001’ (2001 என்பது மாடல் பெயர்) நீர்ச்சறுக்குப் படகில் ஃபோர்டு 351 விண்ட்சர் எஞ்சின், 5.8 லிட்டர். அது போய்விட்டால் அதே ரகமா, செவ்ரோலே 5.7 லிட்டரா?

ஃபோர்டு என்றால் மவுண்ட் (எஞ்சின் தாங்கி), பெல்ஹவுசிங் (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கூடு), எக்ஸாஸ்ட் எல்லாம் அப்படியே உட்காரும். ஆனால் சுழலும் திசையைப் பார்த்துவிடுங்கள். இந்தப் படகு எஞ்சின்களில் பல காருக்கு எதிர்ப்பக்கம் சுற்றுபவை. கார் திசையில் சுற்றுவதைப் பொருத்தினால் முன்கியரில் படகு பின்னால் போகும்! புரொப்பெல்லரை மாற்றி, கியர்பாக்ஸின் எண்ணெய் பம்பையும் திருப்பி வைக்க வேண்டியதுதான்.

செவிக்கு உதிரிபாகம் தாராளம். ஆனால் பெல்ஹவுசிங் தொடங்கி எக்ஸாஸ்ட் வரை எல்லாம் புதிது. என் ஓட்டு ஃபோர்டுக்கே.

எதுவானாலும் ஷாஃப்ட் கப்ளிங்கில் (கியர்பாக்ஸும் புரொப்பெல்லர் தண்டும் சேரும் இடம்) சுற்றிலும் அளக்கும் இடைவெளியின் வித்தியாசம் 0.003 அங்குலத்தைத் தாண்டக்கூடாது. அப்புறம், கார் ஸ்டார்ட்டர் வேண்டவே வேண்டாம்: படகின் உள்ளே அடித்தளத்தில் பெட்ரோல் ஆவி தேங்கும், அதிலிருந்து வரும் ஒரு பொறி போதும், தீப்பிடிக்க.